கட்டவிழ்ப்பு: தருமபுரி வாசிப்புக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் படிக்கிறோம். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், பத்திரம் எழுதுகிறவர் ஒருவர், கிருஷ்ணகிரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிற சிலர். கட்டவிழ்ப்பு என்ற வாசிப்பைத் தந்த பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் டெரிடாவைப் படிக்க எடுத்ததிலிருந்து சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. புதிதாக வருகிறவர்களுக்காக அவற்றையும் என் பதில்களையும் எழுதிவைக்கிறேன். பதில்களுக்கு நான் மட்டுமே பொறுப்பு. கூட்டத்தில் இவற்றோடு ஒத்துப்போகாதவர்களும் இருக்கிறார்கள்.

கட்டவிழ்ப்பு என்றால் சுருக்கமாக என்ன?

ஒரு நூல் ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தள்ளிவைக்கிறது என்று வையுங்கள். பேச்சை உயர்த்தி எழுத்தை, இயற்கையை உயர்த்திச் செயற்கையை, உள்ளிருப்பதை உயர்த்தி வெளியிலிருப்பதை. உயர்த்தப்பட்டது தன் சொந்தக் காலில் நிற்பதாக நூல் சொல்லும். ஆனால் நிதானமாகப் படித்துக்கொண்டு போனால், அதை நிறுத்திவைக்கத் தள்ளிவைத்ததன் உதவியையே நூல் நாடும் ஓர் இடம் வரும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, நூலின் சொற்களைக் கொண்டே காட்டுவது கட்டவிழ்ப்பு. கட்டுடைப்பு என்றும் எழுதுகிறார்கள். இங்கே கட்டவிழ்ப்பு என்றே எழுதுகிறேன்.

டெரிடா யார்?

அல்ஜீரியாவில் அல்ஜியர்ஸ் நகரை ஒட்டிய எல் பியாரில் 1930 ஜூலை 15 அன்று ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1942ல், நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசின் யூத எதிர்ப்புச் சட்டங்களால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிற்பாடு பாரிஸில் படித்து அங்கேயே ஆசிரியரானார். 1967ல் ஒரே ஆண்டில் மூன்று நூல்கள் வந்தன. அவற்றில் 'எழுத்தியல் குறித்து' என்பதுதான் நம் கூட்டத்தில் அதிகம் பேசப்படுவது. அதைக் காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் 1976ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தமிழில் 1980களிலும் 90களிலும் சிறுபத்திரிகைகள் வழியாக இந்தப் பேச்சு வந்து சேர்ந்தது. டெரிடா 2004 அக்டோபர் 9 அன்று காலமானார்.

தன்னிடம் ஒரே ஒரு மொழி இருக்கிறது, அதுவும் தன்னுடையது இல்லை என்று பிரெஞ்சு மொழியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து வளர்ந்த ஓசூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு அந்த வரியை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பேச்சு முதலில், எழுத்து அப்புறம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதில் என்ன தகராறு?

காலவரிசையில் ஒரு தகராறும் இல்லை. குழந்தை பேசிப் பழகிய பிறகுதான் எழுதக் கற்கிறது. மனித இனமும் அப்படித்தான். டெரிடாவின் கேள்வி அதன்மேல் ஏற்றப்பட்ட மதிப்பைப் பற்றியது. பேசும்போது பொருள் முழுசாக, உயிரோடு நம் முன்னால் இருக்கிறது. எழுத்து அதன் நிழல், நகல், சில சமயம் விஷம் என்ற எண்ணம் மேற்கத்தியத் தத்துவத்தில் பிளேட்டோ காலத்திலிருந்து ஊறிக்கிடக்கிறது.

பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் ஓர் எகிப்தியக் கதை சொல்கிறார். தேயுத் என்ற தெய்வம் எழுத்தைக் கண்டுபிடித்துத் தாமுஸ் அரசனிடம் கொண்டுபோகிறது. ஞாபகத்துக்கும் அறிவுக்கும் இது மருந்து என்கிறது. அரசன் ஒப்பவில்லை. இதை நம்பி மனிதர்கள் உள்ளுக்குள் நினைவில் வைப்பதை விட்டுவிடுவார்கள், இது மறதியைத்தான் வளர்க்கும் என்கிறான். எழுதிய சொல்லிடம் கேள்வி கேட்டால் சொன்னதையே திரும்பச் சொல்லும், யாராவது ஏசினால் அதற்குப் பதில் பேசத் தெரியாது, தகப்பன் வந்துதான் காப்பாற்ற வேண்டும் என்று சாக்ரடீஸும் சேர்த்துக்கொள்கிறார். மருந்து என்று இங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்கு நஞ்சு என்றும் பொருள் உண்டு. 1968ல் வந்த 'பிளேட்டோவின் மருந்தகம்' என்ற நீண்ட கட்டுரையில் டெரிடா அந்த ஒரு சொல்லை விடாமல் பின்தொடர்கிறார்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து வரும் இடம். சரி, நல்ல பேச்சு எது என்று கேட்டால், கற்பவனின் ஆன்மாவில் அறிவோடு எழுதப்படும் சொல்தான் என்கிறார் சாக்ரடீஸ். எழுத்தை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, பேச்சின் பெருமையைச் சொல்ல அதே எழுத்தைத்தான் உள்ளே கூப்பிடுகிறார். டெரிடா வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. வரி அங்கேயே இருக்கிறது, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி ரூசோவிலும் இதே மாதிரி ஓர் இடம் உண்டு. மொழிகள் பேசுவதற்காக உண்டானவை, எழுத்து பேச்சுக்கு ஒரு துணைச்சேர்க்கை மட்டுமே என்கிறார். முழுமையாக இருப்பதற்கு ஏன் ஒன்றைச் சேர்க்க வேண்டும்? சேர்க்க முடிகிறது என்றாலே முன்பே அங்கே ஒரு குறை இருந்தது என்றுதானே அர்த்தம்?

சொல்லின் பொருள் வேறுபாட்டால் வருகிறது என்கிறார்களே, அது எப்படி?

இது மொழியியலாளர் ஃபெர்டினான்ட் டி சசூரிடமிருந்து வருவது. ஜெனீவாவில் அவர் நடத்திய பாடங்களை, அவர் இறந்த பிறகு 1916ல் உடன் பணியாற்றியவர்கள் நூலாக்கினார்கள். மொழியில் வேறுபாடுகள் மட்டுமே உண்டு, தனித்து நிற்கும் உறுப்புகள் கிடையாது என்பது அதில் உள்ள பெரிய வாக்கியம். 'மலை' என்ற ஒலிக்கூட்டம் 'மழை', 'மனை', 'தலை' ஆகியவற்றிலிருந்து விலகி நிற்பதால்தான் அது 'மலை'.

இதை நம் கூட்டத்தில் புரியவைத்தவர் பத்திரம் எழுதுகிற அண்ணன். கிரயப் பத்திரத்தில் நிலத்தை எப்படிச் சொல்வோம் என்று எழுதிக்காட்டினார். மாரியப்பன் நிலத்துக்கு மேற்கு, ஓடைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, பெருமாள் நிலத்துக்கு வடக்கு, இதற்கு மத்தியில் உள்ள ஒரு ஏக்கர் இருபது செண்டு. நான்கெல்லை சொல்லியாகிவிட்டது, ஆனால் நான்கு வரியும் பேசுவது அக்கம்பக்கத்தைப் பற்றி. நடுவில் இருப்பது, மற்ற எதுவும் இல்லாதது. மாரியப்பன் நிலம் எது என்று தேடிப்போனால் அவர் பத்திரத்தில் அந்த நிலம் நம் நிலத்துக்குக் கிழக்கே என்று இருக்கும். சர்வே எண் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அந்த எண்ணும் புலப்படத்தில் பக்கத்து எண்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் நிலத்தைக் காட்டும். அப்புறம் தாய்ப் பத்திரம். இந்தப் பத்திரத்தின் உரிமை அதிலிருந்து வருகிறது. அதன் உரிமை அதற்கு முந்தையதிலிருந்து. மாரியப்பன் விற்றுவிட்டுப் பெங்களூர் போய் இருபது வருஷம் ஆனாலும் நம் பத்திரத்தில் அவர் பெயர் எல்லையாக நிற்கும்.

சசூர் நிறுத்திய இடத்துக்கு ஓர் அடி அப்பால் டெரிடா போகிறார். பொருள் வேறுபாட்டால் வருகிறது என்றால் அது எந்தச் சொல்லுக்குள்ளும் முழுசாக வந்து உட்காராது. ஒவ்வொரு சொல்லும் அடுத்ததைக் கைகாட்டும். வேறுபடுவதும் தள்ளிப்போவதும் ஒன்றாக நடக்கின்றன. இதற்காக அவர் ஒரு பிரெஞ்சுச் சொல்லில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி 'திஃபெரான்ஸ்' என்று எழுதினார். பழைய சொல்லும் புதிய சொல்லும் காதில் ஒன்றுபோலவே விழும். தாளில் மட்டும்தான் வித்தியாசம் தெரியும். பேச்சு முழுமையானது என்கிறவர்களுக்கு அந்த ஒரு எழுத்திலேயே அவர் பதில் வைத்துவிட்டார்.

இன்னொன்று. எழுத்து வெறும் பிரதிநிதி என்று சொன்ன சசூர், வேறுபாடு எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வரும்போது எழுத்தைத்தான் உதாரணமாக எடுக்கிறார். ஒருவர் 't' என்ற எழுத்தை எப்படிக் கிறுக்கினாலும் சரி, 'l', 'd' ஆகியவற்றோடு குழம்பாமல் இருந்தால் போதும் என்கிறார். சாக்ரடீஸிடம் பார்த்தது இங்கேயும் நடக்கிறது.

அப்படியானால் எதற்கு எந்தப் பொருளும் சொல்லலாமா?

கூடாது. இதைவிட அதிகமாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இல்லை, இதைவிட அதிகமாகப் பரவிய தப்பான எண்ணமும் இல்லை. மரபான ஆய்வுக் கருவிகள் அத்தனையையும் வைத்து, ஆசிரியர் என்ன சொல்ல வந்தார் என்பதை முதலில் ஒழுங்காகக் கட்டியெழுப்ப வேண்டும், அந்தக் காவல் இல்லாவிட்டால் வாசிப்பு எந்தத் திசையிலும் ஓடி எதையும் சொல்லும் உரிமையைத் தனக்கே கொடுத்துக்கொள்ளும் என்று 'எழுத்தியல் குறித்து' நூலிலேயே டெரிடா எச்சரிக்கிறார். அதன் பிறகுதான் அவர் வேலை ஆரம்பிக்கிறது. பாட்டின் பதவுரை தெரியாதவர் அதைக் கட்டவிழ்க்க முடியாது.

"பிரதிக்கு (எழுதப்பட்டதற்கு) வெளியே எதுவும் இல்லை" என்றாரே. பசியும் வறட்சியும்கூட வெறும் எழுத்தா?

பென்னாகரம் பக்கம் ஆழ்துளைக் கிணறு வற்றினால் அது வற்றியதுதான். அதை மறுக்கிற வாக்கியம் இல்லை இது. சூழல் இல்லாமல் எதையும் அணுக முடியாது, எந்தச் சூழலும் கடைசியாக மூடிக்கொள்வதும் இல்லை என்பதே தன் கருத்து என்று 1988ல் அவரே விளக்கினார்.

நம் ஊர் உதாரணம் ஒன்று உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் அசோகர் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சதியபுத்திரர் என்று ஒரு பெயர் வருகிறது. மற்றவர்கள் தெரிந்தவர்கள். சதியபுத்திரர் யார் என்பதில் ஆய்வாளர்கள் வெகுகாலம் வழக்காடினார்கள். 1981ல் திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி". சதியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை என்று பொருள். அதாவது தகடூர் அதியமான், நம் தருமபுரிக்காரர். அசோகர் கல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வேறொரு கல் வந்து பக்கத்தில் நின்றது, படிப்பு மாறியது. நாளைக்கு இன்னொரு கல் கிடைக்காது என்று யார் சொல்ல முடியும்? மன்னன் இருந்தான், குகையைக் கொடுத்தான். அதை மறுக்காமலே, அவனிடம் நாம் போய்ச் சேரும் வழி முழுக்கக் கல்லுக்குக் கல் போகும் வழி என்பதைப் பார்க்கலாம்.

தமிழ் நூல் ஒன்றில் செய்து காட்ட முடியுமா?

தொல்காப்பியத்தில் ஒரே ஒரு நூற்பாவை எடுத்துக்கொள்கிறேன். எழுத்ததிகாரத்தில் எழுத்து என்பது முதன்மையாக ஒலி. கண்ணிமைக்கும் நேரத்தாலும் கைந்நொடியாலும் அது அளக்கப்படுகிறது. பிறப்பியலில் உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று பட்டு எழுத்தாகிறது. ஒலியின் இலக்கணம் இவ்வளவு நுட்பமாகச் சொல்லப்பட்ட நூல்கள் உலகிலேயே குறைவு.

அதே நூலின் நூன்மரபில் இந்த வரி வருகிறது: "மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்". மெய்யெழுத்தின் இயற்கை, புள்ளியோடு நிற்பது. புள்ளி வாயில் இல்லை, காதில் இல்லை, ஓலையில் இருப்பது. இது வரிவடிவம் பற்றிய விதி என்று உரைகாரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அது சரியான உரைதான். ஆனால் அங்கே ஏன் 'இயற்கை' என்ற சொல்? "மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்" என்று இன்னொரு நூற்பா சொல்கிறது. மெய் வாயில் இயங்க வேண்டுமானால் அகரத்தின் துணை வேண்டும். 'க்' என்பதைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். முன்னாலோ பின்னாலோ ஓர் உயிர் கொஞ்சமாவது ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் உயிர் ஒட்டாத தூய மெய் எங்கே நிற்கிறது? புள்ளியின் கீழே. ஒலியின் இயற்கையைத் தொட, ஒலியில்லாத ஒரு குறியிடம் போக வேண்டியிருக்கிறது.

கதை இதோடு முடியவில்லை. ஓலைச்சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. 'இயற்கை' என்று இலக்கணம் சொன்ன குறி ஏட்டில் இல்லை. படிக்கிறவர்தான் அதை இட்டுக்கொள்ள வேண்டும். தொல்காப்பியர் பிழை செய்தார் என்று காட்டுவது இந்த வாசிப்பின் நோக்கமே கிடையாது. ஒலி முந்தியது, குறி பிந்தியது என்ற வரிசையை நம் பழைய நூலே கடைசிவரை காப்பாற்றிக்கொள்ளவில்லை என்பதை நூலின் சொற்களைக் கொண்டே பார்த்தோம், அவ்வளவுதான்.

ஔவை தொண்டைமானின் படைக்கொட்டிலைப் புகழ்ந்தது கட்டவிழ்ப்புதானே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம். புறநானூறு 95. அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற மன்னனிடம் தூது போன ஔவை சொல்கிறார்: இங்கே உள்ள இந்த வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மனையில் இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல இகழ்வது. இது கவியின் திறமை, அவர் நினைத்தே செய்தது. கேட்ட தொண்டைமானுக்கும் புரிந்திருக்கும். ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துவதற்கு நம் அணி இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. கட்டவிழ்ப்பு தேடுவது அந்தத் திறமையையும் மீறி நடப்பதை.

அதே பாட்டில் அந்த இடமும் இருக்கிறது. நடுவில் "கோடு நுதி சிதைந்து" என்று நுனி உடைந்ததைப் பெருமையாகச் சொன்ன பாட்டு, கடைசிச் சீர்களில் "எம் கோமான் வைந்நுதி வேலே" என்று முடிகிறது. வைந்நுதி என்றால் கூரிய நுனி. உடைந்த வேலைத்தானே இவ்வளவு நேரம் மெச்சினோம்? வழக்கமான அடைமொழி என்று கடந்துபோகலாம், பழுது பார்த்ததும் கூராகும் வேல் என்று உரை சொல்லலாம். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், உடைந்த நுனியின் பெருமையைச் சொல்ல உடையாத நுனி பாட்டுக்குத் தேவைப்படுகிறது. கூர்மையான, பயன்படாத வேல் என்று தொண்டைமான் பக்கம் தள்ளிய அதே கூர்மை அதியமான் பக்கம் திரும்பி வந்து நிற்கிறது. போரைத் தவிர்க்க வந்த தூது, போரில் பட்ட அடியைத் தன் சான்றாகக் காட்டுவதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். இங்கிருந்து ஒரு நல்ல கட்டுரை எழுத முடியும். மாணவர்கள் யாராவது எழுதுங்கள்.

நடுகல்லுக்கும் டெரிடாவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 1971ல் மாண்ட்ரியாலில் படித்த 'கையொப்பம் நிகழ்வு சூழல்' என்ற கட்டுரையில் டெரிடா கேட்பது இது. எழுதியவரும் இல்லை, யாருக்கு எழுதினாரோ அவரும் இல்லை என்ற நிலையிலும் படிக்கக் கூடியதாக இருந்தால்தானே அது எழுத்து? எழுதியவரின் இன்மை எழுத்துக்கு எப்போதாவது நேரும் விபத்து இல்லை. அந்த இன்மையிலும் இயங்க முடிவதுதான் அதை எழுத்தாக்குகிறது. பேச்சும் அப்படித்தான் என்பது அவருடைய அடுத்த வாதம். திரும்பச் சொல்ல முடியாத சொல் சொல்லே ஆகாது. திரும்பச் சொல்ல முடியும் என்றால் என்னை விட்டு வேறு வாய்க்கும் வேறு இடத்துக்கும் போக முடியும். கையொப்பமும் இப்படியே. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி போட முடிந்தால்தான் செல்லும். ஒரே மாதிரி போட முடிவதால்தான் கள்ளக் கையெழுத்தும் போட முடிகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் நிறைய உண்டு. வில்லோ வாளோ ஏந்தி நிற்கும் வீரன், மேலேயோ பக்கத்திலோ வட்டெழுத்து வரிகள். மன்னன் பெயர், ஆட்சியாண்டு, தொறு மீட்டுப் பட்டான் என்ற செய்தி, இன்னான் கல் என்ற முடிப்பு. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். இந்தக் கற்களில் பல இன்று வேடியப்பன் சாமி. மஞ்சள் குங்குமம் வைத்து, பொங்கல் வைத்து, குடும்பத்தோடு வந்து கும்பிடுகிறார்கள். கல்லில் உள்ள பெயரை அவர்களில் யாரும் படிப்பதில்லை. வட்டெழுத்துத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். வெட்டியவரும் போனார், படித்தவர்களும் போனார்கள், எழுத்தே வழக்கொழிந்தது. ஆனாலும் கல் வேலை செய்கிறது, வெட்டியவர் நினைத்திராத வேலையையும் சேர்த்து. தொல்லியல்காரர் வந்து மைப்படி எடுத்துப் படித்து 'இது வேடியப்பன் இல்லை, இன்னாருடைய கல்' என்று சொன்னால் அது உண்மைதான். அதனால் கும்பிடுகிறவரின் வாசிப்பு பொய்யாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் கல்வெட்டைப் படிக்காமலே 'எல்லா வாசிப்பும் சமம்' என்று சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். அந்த வீரனுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொல்வது நம் கடமை.

புறநானூறு 232ல் ஔவை அதியமானின் நடுகல் முன்னால் நிற்கிறார். காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்று ஆரம்பிக்கிறார். பிறகு கேட்கிறார்: மலையோடு சேர்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், கல்லுக்குப் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றும் கள்ளை வாங்கிக்கொள்வானோ? "கொள்வன் கொல்லோ" என்ற அந்தக் கேள்வியில் என் நெஞ்சு ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. கல் அவன்தான் என்றால் கேள்வி வேண்டாம். கல் வெறும் கல் என்றாலும் கேள்வி வேண்டாம். ஆள் இல்லை, ஆனால் வெறும் இன்மையும் இல்லை என்ற இடத்துக்கு டெரிடா 'தடம்' என்று பெயர் வைத்தார். ஔவை பெயர் எதுவும் வைக்கவில்லை. கள்ளை ஊற்றினார், கேட்டார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எழுத்தின் கேடுகளிலிருந்து தப்பித்தவர்களா?

மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் 1955ல் வெளியிட்ட பயண நூலில் பிரேசிலின் நம்பிக்வாரா மக்களைப் பற்றி 'எழுத்துப் பாடம்' என்று ஓர் அத்தியாயம் உண்டு. எழுதத் தெரியாத தலைவன் தாளில் கோடு கிறுக்கி, படிப்பதுபோல நடித்துத் தன் ஆட்களிடம் அதிகாரம் காட்டுகிறான். எழுத்து வந்தது, கூடவே வஞ்சகமும் வந்தது என்று லெவி ஸ்ட்ராஸ் வருந்துகிறார். டெரிடா இதை ஏற்கவில்லை. அந்த மக்களிடம் வம்சாவளி இருக்கிறது, சொல்லக் கூடாத பெயர்கள் இருக்கின்றன, காட்டில் வெட்டிய தடம் இருக்கிறது. வகைப்படுத்துவதும் ஒதுக்குவதும் தாள் வருவதற்கு முன்பே இருந்தன. அவர்களை அப்பாவிகள் என்று போற்றுவதும் அவர்களைக் கீழே வைக்கும் ஒரு வழிதான்.

கைநாட்டு வைத்த நம் தாத்தா பாட்டிகளைப் பற்றி உருகிப் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும். அவர்களுக்கு ஏழு தலைமுறை வம்சம் தெரியும், எந்தப் புளியமரம் யார் எல்லை என்று தெரியும், யார் எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்ற விதியும் தெரியும். கடைசியில் சொன்னதை எந்தப் பத்திரத்திலும் யாரும் எழுதவில்லை.

டெரிடா சொன்னதைத் தொல்காப்பியர் முன்பே சொல்லிவிட்டாரா?

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வரும் உரியியலின் கடைசிப் பகுதியைப் படித்தால் அப்படிச் சொல்ல ஆசை வரும். "பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே": ஒரு சொல்லின் பொருளுக்குப் பொருள், அதற்கும் பொருள் என்று போனால் எல்லையே இல்லை. "உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே": புரிந்துகொள்ளும் வழி புரிந்துகொள்பவரைச் சார்ந்தது. "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா": ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் என்ற காரணம் வெளிப்படையாகத் தெரியாது.

ஆனால் இவற்றுக்கு நடுவே "பொருட்குத் திரிபில்லை உணர்த்த வல்லின்" என்றும் இருக்கிறது. உணர்த்தத் தெரிந்தவனுக்குப் பொருள் திரியாது. தொல்காப்பியர் எல்லையில்லாமையைப் பார்த்துவிட்டு, ஆசிரியனின் வல்லமையால் அதற்கு அணை போடுகிறார். டெரிடா அந்த அணையைத்தான் சந்தேகிக்கிறார். இருவருக்கும் கவலை ஒன்று, முடிவு வேறு. முந்திச் சொன்னது யார் என்ற பந்தயத்தில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். இவ்வளவு நுட்பமாக எழுதிய இலக்கணக்காரரை இன்னொருவருடைய முன்னோட்டமாகச் சுருக்குவதில் எனக்கு விருப்பமில்லை.

டெரிடாவை ஏமாற்றுக்காரர் என்றும் சிலர் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். 1992ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுக்க முன்வந்தபோது, தெளிவும் கறாரும் இல்லாத எழுத்து என்று தத்துவப் பேராசிரியர்கள் பத்திரிகைக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். வாக்கெடுப்பு நடந்து 336க்கு 204 என்று பட்டம் கிடைத்தது. 1977ல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சேர்ல் வைத்த எதிர்வாதம் இதைவிட மதிக்கத்தக்கது: பேசுகிறவரின் நோக்கம் இல்லாமல் பேச்சுச்செயல் (வாக்குக் கொடுப்பதுபோல, பேசுவதாலேயே செய்யும் செயல்) புரியாது என்பது அவர் கட்சி. அதைப் படிக்காமல் டெரிடாவின் பதிலை மட்டும் படிக்காதீர்கள். கடினமாக எழுதினார் என்ற குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. சில பக்கங்களை இன்னும் எளிதாக எழுதியிருக்கலாம்.

இதனால் அரசியலில் எந்த நிலையும் எடுக்க முடியாமல் போகாதா?

பால் டி மான் விவகாரத்தை வைத்து இதைக் கேட்பார்கள். டெரிடாவின் நண்பரும் இந்த வாசிப்பை அமெரிக்காவில் பரப்பியவருமான அவர், நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த பெல்ஜியத்தில் யூத எதிர்ப்புக் கட்டுரை எழுதியது அவர் இறந்த பிறகு 1987ல் வெளியானது. நண்பருக்காக டெரிடா எழுதியது பலருக்குச் சமாதானம் தரவில்லை, எனக்கும் தரவில்லை. ஆனால் 1989ல் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, சட்டத்தைக் கட்டவிழ்க்கலாம், நீதியைக் கட்டவிழ்க்க முடியாது என்று தெளிவாக ஒரு நிலை எடுத்தார். 1990களில் தமிழில் சாதியைப் பற்றி எழுதியவர்கள் உயர்வு தாழ்வு இரட்டைகளைப் பிரித்துக்காட்ட இந்த வாசிப்பிலிருந்து எடுத்துக்கொண்டதையும் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

'எழுத்தியல் குறித்து' நூலில் தொடங்க வேண்டாம். பாதிப் பேர் முப்பதாவது பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். முதலில் 'ஃபீட்ரஸ்' உரையாடலை முழுசாக, டெரிடாவை மறந்துவிட்டுப் படியுங்கள். அதன்பின் 'பிளேட்டோவின் மருந்தகம்'. பிறகு 1983ல் ஒரு ஜப்பானிய நண்பருக்கு அவர் எழுதிய சின்னக் கடிதம். கட்டவிழ்ப்பு என்னவெல்லாம் இல்லை என்று அதில் வரிசையாகச் சொல்கிறார். தமிழில் உரியியலின் கடைசி நூற்பாக்களைச் சேனாவரையர் உரையோடு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு வரும்போது எந்த நூலானாலும் ஒரு பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து வாருங்கள், ஓரத்தில் எழுத இடம் விட்டு. இரண்டு மணி நேரத்தில் அதற்கு மேல் போக முடிவதில்லை. நடுகற்களை நேரில் பார்க்காதவர்கள் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு வெயில் ஏறுவதற்குள் போய்வந்துவிட்டால், மதியக் கூட்டத்தில் பேச வசதியாக இருக்கும்.